சாவி செய்தாச்சு... பாஸ்வேர்டு கதவை மூடியாச்சா?

அன்னவாசலில் வீட்டில் உட்கார்ந்தபடியே மும்பை டேட்டா சென்டரில் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப், ஓரளவு நெட், எஸ்எஸ்எச் இருந்தால் போதும். ஆனால் சர்வர் ஆன்லைனுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே 22-ம் போர்ட்டை பாட்கள் தட்ட ஆரம்பித்துவிடும். 'சின்ன ஊர்ல இருக்கோம், நம்மை யார் தேடப் போறாங்க?' என்பதெல்லாம் சும்மா. பாட் ஊர் பார்ப்பதில்லை, 'ரூட்', 'அட்மின்' என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கும்.

பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்ட பிறகுதான், 1995-ல் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்-ஐ எழுதினார். போகும் வழியில் ஒட்டுக்கேட்பதை அது தடுத்தது. ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டால் அது என்ன செய்யும்?

அதற்குத்தான் சாவி. 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளை இரண்டு கோப்புகள் தரும். பப்ளிக் கீ, பூட்டு மாதிரி. 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி' அதை சர்வரில் போய் மாட்டும். பிரைவேட் கீ லேப்டாப்பை விட்டு நகராது. உள்ளே நுழையும்போதும் அதை வைத்துப் போட்ட டிஜிட்டல் கையெழுத்து மட்டும்தான் சர்வருக்குப் போகிறது.

பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போயாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு பலரும் இங்கேயே நிறுத்திடறாங்க. முடியலை. பாட்களுக்கு அந்தப் பழைய கதவு இன்னும் திறந்துதான் இருக்கு. 'எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்' கோப்பில் 'பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ' என்று மாற்றி, சேவையை மறுபடி ஓடவிட வேண்டும். உபுண்டு கிளவுட் சர்வர்களில் இன்னொரு கோப்பு 'யெஸ்' என்று சொல்லி, இதைச் செல்லாமல் ஆக்கிவிடலாம். சாவி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து முயன்றால் தெரிந்துவிடும்: பாஸ்வேர்டு கேட்டால் கதவு மூடவில்லை. இதையெல்லாம் செய்யும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவை மூடக் கூடாது. மூடினால், சின்னத் தப்புக்கும் சொந்த சர்வருக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

சாவிக்கு பாஸ்ஃப்ரேஸ் போடாமல் என்டர் தட்டிவிடுவது சோம்பேறித்தனம். 'எஸ்எஸ்எச்-ஏஜென்ட்' இருந்தால் லாகின் செய்யும்போது ஒரு தடவை அடித்தால் போதும். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தாலும் சர்வர் தொலையாது.

இதைவிட மோசம், டீம் முழுக்க ஒரே பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது. கிட்ஹப்கூட 2021 ஆகஸ்ட் 13 முதல் கோட் ஏற்றி இறக்க பாஸ்வேர்டு வாங்குவதில்லை; அங்கே ஆளுக்கொரு சாவி பழகியவர்கள், சர்வரில் மட்டும் பங்குச் சாவி வைத்துக்கொள்வது வேடிக்கை. தனித்தனிச் சாவி என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றைக்கு 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பில் அவருடைய ஒரு வரியை அழித்தால் போதும். மற்றவர்கள் சாவியை மாற்ற வேண்டியதில்லை.