மென்சவ்வு மாயை

கடல்நீரைக் குடிநீராக்குதல் பற்றிப் பேசுவோருட் பலர், புதியதொரு மென்சவ்வு கண்டுபிடிக்கப்பட்டதும் செலவுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என நம்புகின்றனர். கிராபீன் என்பார் ஒருவர். காபன் நுண்குழாய் என்பார் மற்றொருவர். நீரை எளிதிற் புகவிடும் சவ்வுக்கு மிகக் குறைந்த சக்தியே போதும் என்பது இவர்தம் வாதம். பௌதிகவியலின் அரிச்சுவடியை மறந்தோரே இவ்வாறு வாதிடுவர்.

லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கொண்ட கடல்நீரிற் பாதியை நன்னீராகப் பிரிப்பதற்கு, எத்துணைச் சிறந்த சவ்வாயினும், நன்னீர் கனமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1.06 அலகு மின்சக்தி செலவாகியே தீரும். அது இயற்கை விதித்த வரி. இன்றைய நல்ல ஆலைகள் மூன்று முதல் நான்கு அலகு வரை செலவிடுகின்றன. லோப், சௌரிராஜன் ஆகியோர் 1960ஆம் ஆண்டளவிற் கலிபோர்னியாவில் பயன்தரு சவ்வொன்றை ஆக்கிய பின்னர், செலவு இந்த அளவுக்குத் தாழ்ந்தமைக்குச் சவ்வு மாத்திரமா காரணம்? வெளியேறும் உவர்நீரில் எஞ்சிய அமுக்கத்தை உள்வரும் நீருக்கு மாற்றிக் கொடுக்கும் பொறியும் பெரும் பங்காளியே. அதனைப் பாடுவார்தாம் இல்லை!

சவ்வின் புகவிடுதிறன் மும்மடங்கானாலும் கடல்நீர் ஆலையில் மிச்சமாகும் சக்தி நூற்றுக்கு 15 அளவே என 2014இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட தாளையடி ஆலையின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கனமீற்றருக்கு மூன்று அலகெனக் கொண்டாலும் நாளாந்தத் தேவை 72,000 அலகு. மும்மடங்குச் சவ்வு வந்த பின்னும் 61,000 அலகுக்கு மேல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடிநீரின் விலையில் இச்சுமை நீங்காது.

உண்மையான விரயம் வேறிடத்திலுள்ளது. பொலியமைட்டுச் சவ்வு குளோரீனைத் தாங்காது. மலிவான கிருமிநாசினியே அதற்கு நஞ்சு. ஆதலால் நீர் சவ்வை அணுகுமுன் குளோரீனை அகற்ற வேண்டியுள்ளது. தப்பிய கிருமிகளோ சவ்வின்மேற் படலமாகப் படர்ந்து, வேண்டிய அமுக்கத்தை நாளுக்கு நாள் உயர்த்துகின்றன. 2008-2009இல் ஓமான் குடாவிலும் பாரசீகக் குடாவிலும் நுண்பாசி பெருகிக் கடல் சிவந்தபோது ஆலைகள் சில மூடப்பட்டன. அங்கே புகவிடுதிறன் எதைக் காத்தது?

அத்திறனைப் போற்றுவோருக்கு ஏற்ற களம் உவர்க் கிணறு. அதன் நீரில் உப்புக் குறைவு. எனவே இயற்கையின் வரியும் குறைவு. முற்கூறிய ஆய்வின்படி அத்தகு நீரில் மிச்சம் நூற்றுக்கு 46. குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளைப் புறக்கணித்துக் கடலையே நோக்கி நிற்பதேன்? பிரித்தெடுத்த உவரை அதே சுண்ணக்கல்லிற் கொட்டினால் அது கிணற்றுக்கே மீளும் என்பது மெய். அவ்வுவரை எங்கே விடுவது என்பதே ஆராயத்தக்க வினா. கிராபீனைப் போல் அதற்குப் பகட்டில்லை.