தேய்க்கத் தேயும் பெயிண்ட்

புதிய கார் வாங்குகிறவர் கையில் டீலர் கொடுக்கும் கொட்டேஷனைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் ஒரு வரி கண்ணில் படும். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் முடிந்த பிறகு, மிதியடிக்கும் மட்-ஃபிளாப்புக்கும் பக்கத்தில், ‘பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன்’ என்று எழுதி ஒரு தொகை போட்டிருப்பார்கள். டெஃப்லான் என்றால் சில ஆயிரம், செராமிக் என்றால் பல ஆயிரம். கடனில் எடுப்பவருக்கு அது மாதத் தவணையோடு கரைந்துவிடும். “எல்லாரும் போடுறாங்க சார், இல்லேன்னா ரெண்டு வருஷத்துல கலர் மங்கிடும்” என்பார் சேல்ஸ்மேன். மறுத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

குறைவாக இருப்பதற்கு சேல்ஸ்மேனின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. பாலிஷ் போடப் போடப் பெயிண்டுக்கு நல்லது, விலை கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணம் வாங்குகிறவர் மனத்தில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. முதல் பாதி உண்மைக்கு நேர் எதிர். இரண்டாம் பாதியில் கால்வாசி உண்மை உண்டு, மிச்சம் வியாபாரம்.

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. 1924இல் அமெரிக்காவின் ஓக்லேண்ட் கார்கள் டூபாண்டின் ‘டூக்கோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டோடு வெளிவந்தன. அதற்கு முன் வார்னிஷ் பூசிய வண்டி காய்ந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ அந்த வேலையைச் சுருக்கியது. நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் டூக்கோ என்ற பெயர் ஸ்பிரே பெயிண்டுக்கே பொதுப்பெயராக நிலைத்தது. அந்தத் தலைமுறைப் பெயிண்டுகளில் நிறமும் மேற்பரப்பும் ஒன்றுதான். மேலே தனியாக ஒரு காப்பு அடுக்கு கிடையாது. வெயில் பட்டு மேற்பகுதி சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுக்கும். அம்பாசடரையோ பிரீமியர் பத்மினியையோ பாலிஷ் போட்டுத் துடைத்தவர்களுக்குத் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கும். வெளுத்த தோலை உரித்து எடுத்தால் அடியில் புது நிறம். பெயிண்டும் கனமாகப் பூசப்பட்டிருந்தது. அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவும் பனியன் துணியுமாக உட்கார்ந்ததில் ஒரு நியாயம் இருந்தது.

இன்றைய கார் அப்படி இல்லை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமலிருக்க மின்முறையில் படியவைத்த ஓர் அடுக்கு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் மெல்லிய நிற அடுக்கு, கடைசியாக நிறமே இல்லாத கிளியர்கோட். 1980களில் பரவலான முறை இது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். கிளியர்கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. பளபளப்பு முழுவதும் இந்த அடுக்கின் வேலை. வெயிலைத் தாங்குவதும் இதுதான். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருட்களை இதற்குள்ளேதான் கலந்து வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்டு இறுக்கி அனுப்புகிறார்கள். ஷோரூமில் நிற்கும் காருக்குக் காப்பு இல்லை என்று சொல்வது, அந்தக் காரைத் தயாரித்த கம்பெனியையே டீலர் குறை சொல்வதற்குச் சமம்.

பாலிஷ் செய்வது என்ன? அதில் இருப்பது நுண்ணிய அரம். பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு பொடி. வேதியியலில் குருந்தக்கல்லும் அதுவும் ஒன்றே. கீறலின் பள்ளத்தை அது நிரப்புவதில்லை. பள்ளத்தின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம் தேய்த்து இறக்குகிறது. இழைப்புளி ஓட்டிய பலகை வழவழப்பாவது மரம் சுருள் சுருளாக வெளியே போவதால்தான்; இங்கே சுருள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்டைத் தடவிக் கம்பளிப் பேடு மாட்டிய மெஷினால் ஒருமுறை அழுத்தி ஓட்டினால் 2, 3 மைக்ரான் போகும். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் ‘இன்டீரியர் எக்ஸ்டீரியர் என்ரிச்மென்ட்’ என்று பில்லில் சேர்த்து ஆண்டுக்கு இருமுறை அதைச் செய்துகொண்டால், ஐந்தாண்டில் 20 மைக்ரானுக்கு மேல் காலி. கிளியர்கோட்டில் பாதி. கதவின் மடிப்பு, பானெட்டின் விளிம்பு போன்ற இடங்களில் அடுக்கு இயல்பாகவே மெலிந்திருக்கும். மெஷினின் வேகமும் சூடும் அங்கேதான் அதிகம் தாக்கும். கூரையில் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தோல் உரிந்து திரியும் பழைய கார்களில் எல்லாவற்றுக்கும் பாலிஷ் காரணமில்லை. வெயில், விபத்துக்குப் பிறகு மலிவாக அடித்த பெயிண்ட் என்று பல உண்டு. ஆனால் மெலிந்துபோன கிளியர்கோட் வெயிலுக்கு முதலில் தோற்கும்.

“போட்டவுடனே கண்ணாடி மாதிரி ஆகுதே?” என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. நுண்கீறல்களின் ஓரங்கள் வெளிச்சத்தைத் தாறுமாறாகச் சிதறடிப்பதால் பெயிண்ட் மங்கலாகத் தெரிகிறது. இரவில் தெருவிளக்கின் கீழே நிறுத்திய கறுப்புக் காரின் பானெட்டைப் பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. அந்தப் பள்ளங்களில் எண்ணெயோ மெழுகோ போய் உட்கார்ந்தால் சிதறல் நின்றுவிடும். சந்தையில் விற்கும் பல பாலிஷ்களில் அதற்கென்றே சிலிகான் எண்ணெய் கலந்திருக்கிறது. டெலிவரி எடுக்கும் மாலையில் கார் ஜொலிக்கும். நான்கு முறை ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகு பழைய கோடுகள் எழுந்து வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்தால், நான்கு முறை காத்திருக்கவும் வேண்டாம். நேர்மையான டீட்டெய்லிங் கடைக்காரர் வேலை முடிந்ததும் அப்படித் துடைத்துத்தான் காட்டுவார்.

டாக்சி ஸ்டாண்டில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைப்பதும் இதே வித்தைதான். எண்ணெய்ப் படலம் மின்னும், அரைமணி நேரத்தில் தூசியை இழுத்துக்கொள்ளும், ஜன்னல் ரப்பரைக் கெடுக்கும். டூத்பேஸ்ட் தடவிக் கீறலை மறைக்கும் வீடியோக்களில் மர்மம் ஒன்றும் இல்லை. பல்லைத் தேய்க்கும் பொடி பெயிண்டையும் தேய்க்கிறது.

இனி விலை உயர்ந்த சரக்குகள். டெஃப்லானை டூபாண்டின் ராய் பிளங்கெட் 1938இல் கண்டுபிடித்தார். எதிலும் ஒட்டாத பொருள் என்பதே அதன் புகழ். தோசைக்கல்லில் அது ஒட்டியிருக்க வேண்டுமானால் உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அதன் உருகுநிலையான 327 டிகிரிக்கும் மேலே சூடாக்கி இறுக்க வேண்டும். அந்தச் சூட்டில் கார் பெயிண்ட் கருகிப் போகும். சர்வீஸ் சென்டரில் ஸ்பாஞ்சால் தடவி, அரைமணி நேரம் காயவைத்து, துடைத்துவிட்டுத் தரும் ‘டெஃப்லான் கோட்டிங்’கில் தோசைக்கல்லின் குணம் வர வழியே இல்லை. அது ஒரு சாதாரண சீலன்ட். அந்த அளவில் நல்லதுதான். ஆனால் கேட்கும் விலைக்கு அது தகாது.

மெழுகில் மேட்டுக்குடி கார்னோபா. வடகிழக்குப் பிரேசிலில் சியாரா, பியாவுயி மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. இயற்கை மெழுகுகளிலேயே கெட்டியானது என்பது உண்மை. கெட்டி என்பதால்தான் தனியாகப் பூச முடியாது. எண்ணெயும் கரைப்பானும் சேர்த்து இளக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ‘100 சதவீதம் கார்னோபா’ என்ற லேபிளை அந்த அர்த்தத்தில் படிக்க வேண்டும். உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட்டில் கைவைக்க முடியாது. இளக்கிய கலவை அங்கே எத்தனை வாரம் தங்கும் என்று டப்பா சொல்லாது.

இப்போது ராஜ்யம் செராமிக்குடையது. அதன் விளம்பரத்தில் ‘9எச்’ தவறாது இருக்கும். வைரம் பத்து, இது ஒன்பது என்று விளங்கிக்கொண்டு வாங்குகிறவர்கள் ஏராளம். அப்படி விளங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அந்த எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள். அந்த 9எச் பென்சிலின் எண். படம் வரையும் பென்சில்களில் மெத்தென்ற 9பி தொடங்கிக் கெட்டியான 9எச் வரை வரிசை உண்டு. பென்சிலை 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடை ஏற்றிப் பூச்சின் மேல் தள்ளி, எந்தப் பென்சில் வரைக்கும் கீறல் விழவில்லை என்று பார்ப்பது ஐஎஸ்ஓ 15184 சோதனை. பெயிண்ட் தொழிலில் பயனுள்ள சோதனைதான். ஆனால் ரோட்டில் பென்சில் யாரும் இழுப்பதில்லை. காரின் மேல் படியும் தூசியில் மணல் இருக்கிறது, மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. வைரத்துக்குப் பத்து கொடுக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் ஏழு. பென்சிலில் உள்ள களிமண்ணும் கிராஃபைட்டும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அதோடு, செராமிக் பூச்சின் கனம் பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான். கண்ணாடி போன்ற கெட்டியான பரப்பில் பூசிச் சோதித்தால் கிடைக்கும் எண், அடியில் நெகிழும் கிளியர்கோட் இருக்கும்போது அப்படியே கிடைக்காது.

செராமிக் வெறும் ஏமாற்று என்று சொல்வதும் தவறு. மெழுகைவிட அது நெடுநாள் நிற்கும், ரசாயனத்தைத் தாங்கும், சேறு வழுக்கிப் போகும், கழுவுவது சுலபம். கீறலைத் தடுக்காது என்பதுதான் விஷயம். கூழாங்கல் தெறிப்பதையும் சாவிக் கோட்டையும் தாங்க வேண்டுமானால் 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படலம் வேண்டும். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த பொருளின் வாரிசு அது. செலவும் அதற்கேற்றபடி.

விற்பவர்கள் வாய் திறக்காத இன்னொன்று உண்டு. செராமிக் போடுவதற்கு முன் கடைக்காரர் மெஷின் வைத்துப் பாலிஷ் போடுகிறார். வாடிக்கையாளர் மயங்கும் ஜொலிப்பில் பெரும்பங்கு அந்தப் பாலிஷுடையது. மேலே வந்த கோட்டிங் பேர் வாங்கிக்கொள்கிறது. புதுக் காருக்கு அந்தப் பாலிஷ் பெரும்பாலும் தேவையே இல்லை, ஷோரூம் முற்றத்தில் அழுக்குத் துணியால் துடைத்துக் கோடு போட்டிருந்தாலொழிய. ஆண்டுதோறும் அதே கடைக்குப் போய்க் காசு கட்டிப் ‘பராமரிப்பு’ செய்தால்தான் ஐந்தாண்டு வாரண்டி செல்லும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அந்தப் பராமரிப்பில் மீண்டும் மெஷின் ஓடினால், ஒன்றிரண்டு மைக்ரான் பூச்சு அன்றைக்கே போய்விடும். வாரண்டி மட்டும் பத்திரமாக இருக்கும்.

சென்னை போன்ற ஊர்களில் உப்புத் தண்ணீர்ப் பிரச்சினை வேறு. கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். விளம்பரப் படங்களில் அழகாக இருக்கும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் அந்த ஒவ்வொரு முத்தும் தன் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஒரே புள்ளியில் இறக்கிவிட்டு ஆவியாகும். பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள். துணியால் போகாது. அதை எடுக்கத் திரும்பவும் பாலிஷ்.

கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்குக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் போதும். கார் துடைப்பவரிடம் ஒரு பக்கெட், ஒரு துணி, பத்துப் பன்னிரண்டு கார்கள். மூன்றாவது காருக்கு வரும்போதே தண்ணீர் பழுப்பாகியிருக்கும். துணியை அதிலேயே முக்கிப் பிழிந்து, முந்தைய காரின் சக்கரத்து மண்ணோடு அடுத்த காரின் கூரையில் வட்டமாகத் தேய்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீர் பிடிக்க அசோசியேஷன் தடை போட்டிருக்கும் இடத்தில் அவர் வேறென்ன செய்வார்? சிக்னலில் வாங்கிய மஞ்சள் துணியால் காய்ந்த தூசியைத் தட்டும் முதலாளியும் அதையேதான் செய்கிறார். தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டு மூடுகிறவர் காற்றடிக்கும்போதெல்லாம் உப்புத்தாள் தேய்க்கிறார்.

நாற்பதாயிரம் கோட்டிங் போட்ட காரை இப்படி ஆறு மாதம் துடைத்தாலும் வலைக்கோடு விழும். ஒன்றுமே போடாத காரை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கி, கார் ஷாம்பூ ஒரு பக்கெட்டிலும் துணி அலசும் நல்ல தண்ணீர் இன்னொரு பக்கெட்டிலுமாக மேலிருந்து கீழே கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் ஐந்தாறு ஆண்டுக்குப் பிறகும் அது பார்க்கும்படியாக இருக்கும். சில நூறு ரூபாய் ஸ்பிரே சீலன்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் பூசினால் மெழுகின் வேலை முடிந்தது. காக்கை எச்சத்தை அன்றைக்கே ஈரத் துணியை மேலே வைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். வெயிலில் இளகிய கிளியர்கோட் மாலையில் இறுகும்போது எச்சத்தின் வடிவத்தையே தன்மேல் பதித்துக்கொள்ளும். அதற்கு எந்த டப்பாவிலும் மருந்து இல்லை.

மெஷின் பாலிஷே தேவைப்படும் கார்களும் இருக்கின்றன. கோடு விழுந்து கண்ணை உறுத்தும் கறுப்பு, அடர் நீலம், சிவப்புக் கார்களை விற்பதற்கு முன்போ, பல ஆண்டுக்கு ஒருமுறையோ கை தேர்ந்தவரிடம் கொடுக்கலாம். கொடுக்கும்போது பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். கையடக்கமான பொருள், தகட்டின் மேல் வைத்தால் மைக்ரான் கணக்கில் எண் காட்டும். பானெட், கூரை, நான்கு கதவு எல்லாவற்றிலும் வேலைக்கு முன் ஓர் எண், பின் ஓர் எண் எழுதித் தரச் சொல்லலாம். ஏதாவது ஒரு கதவு மட்டும் 250, 300 காட்டினால் அது முன்பே மறுபெயிண்ட் பார்த்த கதவு என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும். பம்பரில் மட்டும் இந்தச் சாதாரணக் கருவி வேலை செய்யாது. அது பிளாஸ்டிக், சூடும் சீக்கிரம் ஏறும். அங்கே மெஷினை வைக்க விடாமல் கையாலேயே முடித்துத் தரச் சொல்வது நல்லது.