ஸ்பேனர் இல்லாத பலகை

பயிற்சிக் காலம் முடிகிற வாரத்தில் பெரும்பாலான நிறுவனங்களில் ஒரே காட்சிதான். அரங்கில் ஏ.சி. சற்றுத் தூக்கலாக ஓடும். முன்வரிசையில் துணைத் தலைவர்கள். மேடையில் ஐந்தாறு மேனேஜ்மென்ட் டிரெய்னிகள். இரவல் வாங்கியதுபோலத் தோளில் நிற்காத கோட்டுகள். அவர்களில் ஒருவர் மட்டும் விடிய விடிய ஸ்லைடு போட்டிருப்பார், கண்ணைப் பார்த்தாலே தெரியும். கடைசி ஸ்லைடில் மிச்சமாகப்போகும் தொகை லட்சங்களில் இருக்கும். கைதட்டல், குரூப் போட்டோ, பிரியாணி. திங்கட்கிழமை ஒருவர் புனேவில், ஒருவர் குர்கானில்.

மூன்று மாதம் கழித்து, அந்த ப்ராஜெக்ட் நடந்த ஷாப் ஃப்ளோருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிற எச்.ஆர். அதிகாரிகள் மிகக் குறைவு. போய்ப் பார்த்தவர்களுக்குக் கீழ்க்கண்டது புதிதாக இருக்காது. பிரஸ்ஸில் டை மாற்றும் நேரத்தைக் குறைப்பது ஓர் அணிக்குக் கொடுத்த வேலை. ஸ்டாப்வாட்சோடு போய் நின்றார்கள். முதல் இரண்டு நாள் செட்டர் வழக்கத்தைவிட வேகமாக வேலை பார்த்தார், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று. மூன்றாம் நாள்தான் விஷயம் பிடிபட்டது: டை மாற்றுவதில் போகும் நேரம் கொஞ்சம்தான், ஸ்பேனரைத் தேடுவதிலும் ஹாய்ஸ்ட் ஆபரேட்டருக்குக் காத்திருப்பதிலும்தான் மிச்ச நேரமெல்லாம் கரைந்தது. பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் மஞ்சள் பெயின்டில் நிழல் வரைந்து வைத்தார்கள். நல்ல வேலை. பரிசும் கிடைத்தது.

இப்போது பலகையில் மஞ்சள் நிழல்கள் அப்படியே இருக்கின்றன. பாதி ஸ்பேனர் இல்லை. செட்டரைக் கேட்டால், "பக்கத்து பிரஸ்ஸுக்கும் ஒரு செட் வேணும்னு அன்னிக்கே அந்தத் தம்பிகிட்ட சொன்னேன் சார்" என்கிறார். ஸ்டோர்ஸில் இரண்டாவது செட் கேட்டு இண்டென்ட் போடவும், இரண்டாம் ஷிப்டு சூப்பர்வைசரிடம் பேசி ஸ்பேனர் மறுபடி பலகைக்கு வந்துசேர வைக்கவும் ஆள் இல்லை. மேனேஜர் என்ற உத்தியோகத்தின் முக்கால் பங்கு அந்த வேலைதான். டிரெய்னி அதைத் தொடாமலே பயிற்சியை முடித்துவிட்டார்.

ஹார்வர்டு பேராசிரியர் லிண்டா ஹில், புதிதாக மேனேஜரான 19 பேரை அவர்களின் முதல் ஆண்டு முழுவதும் பின்தொடர்ந்து, 1992-இல் ஒரு நூலாக எழுதினார். அதிகாரம் கைக்கு வரப்போகிறது என்று நினைத்துப் பதவிக்கு வந்தவர்கள், சில மாதங்களிலேயே எல்லோரையும், தமக்குக் கீழே இருப்பவர்களையும்கூட, நம்பித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். இந்தப் பாடத்தை ஸ்லைடில் போட்டுச் சொல்லித்தர முடியாது. ஸ்டோர்ஸ் கீப்பர் மூன்றாவது தடவை "நாளைக்கு வாங்க" என்று சொல்லும்போதுதான் அது உறைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதே ஆலைகளில் இதைவிட ஒழுங்கான குழு ப்ராஜெக்ட் முறை ஒன்று பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. அதைச் செய்பவர்கள் எம்.பி.ஏ. படித்தவர்கள் அல்லர். 1962-இல் ஜப்பானில் கவோரு இஷிகாவா முன்னின்று வளர்த்த குவாலிட்டி சர்க்கிள், 1980-இல் ஐதராபாத் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1998-இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமான சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டனைப் போன்ற இடங்களில், தரம் என்பது தொழிலாளர்வரை எல்லோருடைய பொறுப்பாகவும் ஆக்கப்பட்டது. சர்க்கிள் ஒன்று தன் வேலையைச் சொல்லும்போது, தீர்வைச் சொன்னதோடு உட்கார்ந்துவிட முடியாது. மாற்றத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று அளந்த கணக்கு வேண்டும். அந்த மாற்றம் வேலைமுறைக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பாமலிருக்க என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஐ.டி.ஐ. படித்த ஆபரேட்டரிடம் நிறுவனம் இவ்வளவையும் கேட்கிறது. நாளை ஆலையையே நடத்தப்போகிறவர் என்று தேர்ந்தெடுத்த டிரெய்னியிடம் கேட்பதில்லை.

பெயர் பெற்ற பயிற்சித் திட்டங்களின் பழைய வரலாற்றைப் புரட்டினால், அவை இப்படித் தொடங்கவில்லை என்று தெரிகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஏட்டாவில் இந்துஸ்தான் லீவருக்கு ஒரு பால் ஆலை இருந்தது. வரும் பால் போதவில்லை, நஷ்டம். ஆலைக்குள் துருவிப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் காரணம் சுற்றியிருந்த கிராமங்களில் இருந்தது: நோஞ்சான் மாடுகள், தீவனப் பற்றாக்குறை, கடன், விளையாத உவர் நிலம். டி. தாமஸ் தலைவராக இருந்தபோது, 1976-இல், அங்கே ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. நிறுவனத்தின் மேனேஜ்மென்ட் டிரெய்னிகள் அந்தக் கிராமங்களில் சில வாரம் தங்குவது பயிற்சியின் பகுதியானது. நகரத்தில் படித்த பையன் கிராமத்தைப் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது உண்மை. ஆனால் நிறுவனத்துக்கே தலைவலியாக இருந்த ஒரு பிரச்சினையின் நடுவில் அவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பால் வருகிறதா இல்லையா என்பது ஆலை வாசலில் தினமும் தெரிந்துவிடும். (அதைப் பார்த்துப் பிற்பாடு கிராம வாசம் வைத்த நிறுவனங்கள் பலவற்றில் அது பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசிப் படம் எடுத்துக்கொள்ளும் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது என்பது வேறு கதை.)

1956-இல் ஜே.ஆர்.டி. டாட்டா காலத்தில் தொடங்கிய டாட்டா நிர்வாகப் பணியும் அப்படித்தான், இளைஞர்களைக் குழுமத்தின் வெவ்வேறு நிறுவனங்களில் மாற்றி மாற்றி உட்கார வைத்தது. அந்தப் பணியிலிருந்து வந்தவர்தான் செர்க்ஸிஸ் தேசாய். டாட்டா பிரஸ்ஸை நடத்திய அவர், தமிழக அரசின் டிட்கோவோடு கூட்டாக 1984-இல் உருவான டைட்டனைக் கட்டி எழுப்பினார். ஓசூர் ஆலை அதன் பிறப்பிடம். ஒரு பயிற்சித் திட்டத்தின் பெருமையை ஒரே மனிதரைக் காட்டி நிரூபிக்க முடியாது. ஆனாலும் அச்சகத்திலிருந்து கைக்கடிகாரத்துக்குத் தாவிய ஒருவர் திணறாமல் நின்றதில், ஊர் மாறி வேலை பழகிய அந்த வழக்கத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உண்மையான பிரச்சினையின் நடுவில் இறங்கிக் கற்கும் இந்த வழிமுறைக்கு ஒரு கோட்பாடாகவே உருக்கொடுத்தவர் இங்கிலாந்தின் ரெக் ரெவன்ஸ். 1928 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ந்தவர். 1940-களில் நிலக்கரித் துறையின் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தபோது, சுரங்க மேனேஜர்களை வகுப்பில் உட்கார வைப்பதைவிட, ஒருவர் சுரங்கத்துக்கு மற்றவர் போய்ப் பார்த்து, சிறு குழுவாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பதே மேல் என்றார். விடை ஏற்கெனவே எங்கோ இருக்கிற புதிரையும், யாரிடமும் விடை இல்லாத பிரச்சினையையும் அவர் பிரித்துக் காட்டினார். பிரச்சினையை அறிந்தவர் யார், அதனால் தூக்கம் கெடுகிறவர் யார், அதைத் தீர்க்கும் அதிகாரம் உள்ளவர் யார் என்ற மூன்று கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்க வைத்தார். இன்று டிரெய்னிகளுக்குக் கொடுக்கும் தலைப்புகளில் பாதி இந்தச் சல்லடையில் நிற்காது. லைன் மேனேஜர் ஏற்கெனவே விடை தெரிந்து, செய்ய நேரமில்லாமல் ஒதுக்கி வைத்ததுதான் "ப்ராஜெக்ட்" என்று வந்துசேர்கிறது.

கற்பதில் எழுபது பங்கு வேலையிலிருந்து, இருபது பிறரிடமிருந்து, பத்து வகுப்பிலிருந்து என்ற எழுபது இருபது பத்து சூத்திரத்தைச் சுவரில் ஒட்டியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். வெற்றி பெற்ற நிர்வாகிகளை அழைத்து, உங்களை உருவாக்கியது எது என்று கேட்டு, அவர்கள் பின்னோக்கி நினைவுகூர்ந்ததிலிருந்து பிறந்த கணக்கு அது. வேலையில் கற்பதுதான் பெரும்பகுதி என்பது சரியாகவே இருக்கலாம். அதற்காக, ஆளை வேலையில் தள்ளிவிட்டால் எழுபது தானாக வந்துவிடும் என்று எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. பிரச்சினைக்குச் சொந்தக்காரரான லைன் மேனேஜர் முதல் வாரமே அணியோடு உட்கார வேண்டும். கடைசி நாள் நடுவராக வந்து உட்காருவது கணக்கில் சேராது. யாரிடமும் கெஞ்சாமல் இரண்டாவது ஸ்பேனர் செட் வாங்குகிற அளவுக்காவது ஒரு சிறு தொகை அணியின் கையில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை விளக்கக்காட்சிக்கு மூன்று மாதம் கழித்து, அதே இடத்தில் நின்று போட வேண்டும். விடிய விடிய ஸ்லைடு போட்டவர் யார், பேர் மட்டும் கொடுத்தவர் யார் என்பதும் அப்போது தானாக வெளிவரும். செட்டருக்கு நினைவில் இருப்பது யார் பெயர் என்று கேட்டால் போதும்.

லைன் மேனேஜர்களின் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. டிரெய்னியோடு சுற்றும் நேரத்துக்கு உற்பத்தி இலக்கில் யாரும் தள்ளுபடி தருவதில்லை. இன்னொரு சிக்கல், மூன்று மாதத்தில் அணி நான்கு ஊர்களில் சிதறியிருக்கும். இரண்டு நாள் திரும்பி வர ஆகும் பயணச் செலவு எச்.ஆர். கணக்கிலா, அனுப்பும் கிளையின் கணக்கிலா என்று ஈமெயில் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த பேட்ச் வந்துவிடும். பட்ஜெட் எழுதும்போதே அதற்கு ஒரு வரி ஒதுக்கி, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்றும் எழுதி வைத்துவிடலாம்.