ஒரு பையால் மடை அடைபடுமா?

“நான் ஒருத்தன் போடுறதுலயா வாய்க்கா அடைக்கப் போகுது?” வாடிப்பட்டிப் பக்கம் யாராவது இப்படிக் கேட்டால், சட்டென்று மறுக்க முடியாது. ஒரு கேரி பையால் எந்த மடையும் அடைபடாதுதான்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் 2005இல் இதே வாதத்தை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை சும்மா காரை எடுத்துச் சுற்றுகிற ஒருவரின் புகையால் மட்டும் வெள்ளமோ வறட்சியோ வந்துவிடாது. அதைத் தனிமனிதத் தவறு என்று நிறுவ முடியவில்லை, அரசுகள்தான் செயல்பட வேண்டும் என்றார். புகைக்கு அது பொருந்தலாம். பெரியாறு பிரதானக் கால்வாயில் எடுபடாது. இங்கே அடிபடுகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும்.

பேரணையில் இந்தக் கால்வாய்க்குப் பிரியும் தண்ணீர் வாடிப்பட்டிப் பக்கமாக வந்து, கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய வேண்டும். முறைத் தண்ணீர் வரும் நாளில் கிளை வாய்க்கால் மடையில் நின்று பாருங்கள். ஷட்டரில் முதலில் வைக்கோல் சிக்கும். அதில் பை மாட்டும். பையில் ஆகாயத்தாமரை வந்து தங்கும். அப்புறம் பாட்டிலும் தெர்மாகோல் தட்டும். மண்வெட்டிக்கு அசையாது, கையை விட்டுத்தான் உருவ வேண்டும். தலைமடைக்காரருக்கு இதில் நஷ்டமில்லை. தேங்கும் தண்ணீர் அவர் வயலில் ஏறும். கடைமடைக்காரருக்கு முறையே கழிந்துபோகும். அவர் மோட்டாரைப் போடுவார், நிலத்தடி நீர் இன்னும் இறங்கும். அதையும் அவருடைய ஒழுக்கக் கேடு என்று எழுதிவிடலாமா?

எல்லாரும் குற்றவாளி என்பதும் ஒரு தப்பிப்புத்தான். நடவுக்குப் போகிற வழியில் பையில் சாம்பார் வாங்கும் பெண்ணுக்கும், ஆயிரம் பேருக்குப் பந்தி வைக்கிறவருக்கும் ஒரே பழியா? தேர்வு செய்ய வசதி உள்ளவர் மீதுதான் பொறுப்பு கூடுதல். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் உண்டு. இலைக்கு இலை வைக்கிற குட்டிப் பாட்டில் கிடையாது. ஏழை குடித்தது குற்றம், விருந்தாளி குடித்தது மரியாதை. 2021 டிசம்பரில் வந்த ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் கடைக்குப் போகிறவரிடம்தான் பேசியது, கல்யாண வீட்டாரிடம் அல்ல.

பேரூராட்சி அங்கிருந்து தொடங்கட்டும். மண்டபம் பதியும்போதே குப்பை அள்ளும் செலவுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை மண்டபத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.