சாம்பல் நிறம் தெரியாத கண்ணாடிகள்

புரொஜக்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எத்தனை லூமன்? எத்தனை பிக்சல்? சினிமா பார்க்க அது போதும். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, அதைக் கேமராவால் அளக்கவும் வேண்டும் என்றால் இவை இரண்டையும் கடைசியில் கேளுங்கள் என்பது என் கட்சி.

டிஎல்பி சிப் என்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்தது. பிக்சலுக்கு ஒரு குட்டிக் கண்ணாடி. பெரும்பாலான சிப்களில் அது இந்தப் பக்கம் 12 டிகிரி சாயும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் 12 டிகிரி. நடுவில் நிற்காது. அதாவது, சாம்பல் நிறம் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது! எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது என்பதை மாற்றி மாற்றி நம் கண்ணை ஏமாற்றுகிறது. 8 பிட் படமென்றால் 1, 2, 4 என்று 128 வரை எட்டு நேரத் துண்டுகள். கண் ஏமாறும், கேமரா ஏமாறாது. ஷட்டர் பாதியில் மூடினால் சில துண்டுகள் விட்டுப்போகும், படம் கோவிந்தா.

என் ப்ராஜெக்ட், ஒரு மண்பொம்மையின் மேல் சைன் அலை வரிகளைப் பாய்ச்சி, அவை வளைவதை வைத்து அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிடுவது. காசு மிச்சமாகட்டும் என்று கல்லூரியில் சும்மா கிடந்த ஆபீஸ் புரொஜக்டரை எடுத்தேன். பொம்மையின் கன்னத்தில் இல்லாத அலையெல்லாம் வந்தது. மூன்று வாரம் என் ப்ரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி காமா. 128 அனுப்பினால் பாதி வெளிச்சம் வரும் என்று நான் நம்பியிருந்தேன். காமா 2.2 என்றால் வருவது சுமார் 22 சதவீதம்தான். அட்டவணை போட்டுத் திருத்தலாமே என்பார்கள். திருத்தலாம். ஆனால் வெளிச்சமான பகுதியில் படிகள் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகிவிடும். போதாக்குறைக்கு கலர் வீல் வேறு.

ஆகவே காமாவைத் தொடாமல், கேமராவுக்கு ட்ரிக்கர் கொடுக்கிற போர்டுதான் வேண்டும். லைட்கிராஃப்டர் 4500 அப்படிப்பட்டது. 1 பிட் படங்கள் நொடிக்கு 4,225, 8 பிட் என்றால் 120. ஒரு வடிவத்துக்கு மூன்று படம் போதும் என்றால் நொடிக்கு 40 வடிவம். மாணவனுக்கு இதுவே அதிகம். ஒரே எரிச்சல், அதன் 912×1140 கண்ணாடிகளும் வைர வடிவில் அடுக்கப்பட்டவை. ஒன்றுக்கொன்று பொருத்தி அனுப்பினால் வட்டம் முட்டையாகும்.

சதுர அடுக்கும் 1920×1080 பிக்சலும் வேண்டுமென்றால் லைட்கிராஃப்டர் 6500. இதில் 1 பிட் வேகம் 9,523. எட்டால் வகுத்து 1,190 வருமென்று கணக்குப் போடாதீர்கள், 8 பிட்டில் கிடைப்பது 247தான். 128 மடங்கு நீளமான அந்தத் துண்டுதான் நேரத்தைத் தின்கிறது. எல்லாத் துண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுத்து, அதற்குப் பதிலாக எல்ஈடியின் வெளிச்சத்தைக் குறைத்தால் 1,031 வரை போகலாம். அதனால்தான் சொல்கிறேன், சிப்பைப் பற்றி விசாரிக்கும்போதே விளக்கைப் பற்றியும் விசாரியுங்கள். விளக்கு நம் சொல்பேச்சு கேட்காவிட்டால் அந்த வேகம் காகிதத்தோடு சரி.

இன்னொன்று. வெறும் சைன் வரிகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு 8 பிட்டே தேவையில்லை. ஷுவாங்யான் லெய்யும் சாங் ஜாங்கும் 2009-ல் காட்டிய வழி இருக்கிறது: கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் போட்டு லென்ஸை லேசாக ஃபோகஸிலிருந்து விலக்கினால் கோடுகள் கரைந்து சைன் அலையாகிவிடும். காமா தொல்லை கிடையாது, வேகமோ 1 பிட் வேகம். பொருள் முன்னும் பின்னும் அதிகம் நகர்ந்தால் மட்டும் கலக்கம் மாறி அலை கெட்டுப்போகும். என் மண்பொம்மை எங்கேயும் நகரப் போவதில்லை, அதனால் நான் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். முகத்தின் புகைப்படத்தையோ எக்ஸ்ரே படத்தையோ காட்டவேண்டியவர்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது, அவர்கள் 8 பிட்டுக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும்.

ஆபீஸ் புரொஜக்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பவர்பாயிண்ட் காட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை :)