கிடப்பில் கடல் மின்சாரம்

நிலவின் ஈர்ப்பால் கடல்மட்டம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பஞ்சாங்கம்போலக் கணித்துவிடலாம். சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் இல்லாத சிறப்பு இது. ஆனாலும், அந்த நீரோட்டத்திலிருந்து வணிக அளவில் ஒரு யூனிட் மின்சாரம்கூட இந்தியா எடுத்ததில்லை.

வாய்ப்பு இல்லாமல் இல்லை. நாட்டின் ஓத மின்திறன் சுமார் 12,455 மெகாவாட் என மதிப்பிடப்பட்டுள்ளது. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் கடல்மட்டம் அதிகபட்சம் 11 மீட்டரும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டரும் ஏறி இறங்குகிறது. எனினும், கட்ச்சில் திட்டமிடப்பட்ட 50 மெகாவாட் நிலையமும், மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் துர்காதுவானியில் அமையவிருந்த 3.75 மெகாவாட் நிலையமும் செலவு கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்டன. துர்காதுவானிக்கு மதிப்பிடப்பட்ட செலவு ரூ. 238 கோடி. அதாவது, ஒரு மெகாவாட்டுக்கு ரூ. 63 கோடிக்கும் மேல். அரசின் தயக்கத்தைக் குறைகூற முடியாது.

ஆனால், தயக்கம் வேறு, கைகழுவுதல் வேறு. 2010-11-ல் சூரிய மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு ரூ. 17.91. ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் 2017-ல் அது ரூ. 2.44-க்கு இறங்கியது. சூரியத் தகடுகளைப்போலக் கடல் அணைகளை ஆலைகளில் லட்சக்கணக்கில் வார்த்தெடுக்க முடியாது என்பது உண்மையே.

அணைதான் கட்ட வேண்டும் என்பதுமில்லை. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966-ல் இயங்கத் தொடங்கிய 240 மெகாவாட் நிலையத்துக்காக, கட்டுமானக் காலத்தில் கடல்நீர் வரத்து அடைக்கப்பட்டதில் அங்கிருந்த உயிரினங்கள் பெரும்பாலும் அழிந்தன. பவளப் பாறைகளும் அலையாத்திக் காடுகளும் நிறைந்த, 1982-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட கட்ச் வளைகுடாவில் அதைச் செய்யத் துணியலாகாது. ஸ்காட்லாந்தின் வடகடலோரத்தில் அணையே இல்லாமல், கடலடியில் நிறுத்திய நான்கு சுழலிகள் 6 மெகாவாட் திறனுடன் இயங்குகின்றன. அவையும் நீரோட்டத்தின் வேகத்தைச் சிறிது குறைக்கும். வண்டல் படிவது மாறலாம். நிலக்கரிப் புகை குறைகிறது என்பதற்காக மீனவரின் வலையை மறந்துவிட முடியாது. ஆகவேதான் சிறிய அளவில் தொடங்கி, அளந்து பார்க்க வேண்டும்.

எரிசக்திக்கான நாடாளுமன்ற நிலைக்குழு முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்குமாறு 2021-லேயே பரிந்துரைத்தது. நிலைக்குழு அறிக்கைகள் அவையில் வைக்கப்படும் நாளோடு மறக்கப்படுவது தில்லிக்குப் புதிதல்ல. கட்ச்சில் எந்த இடம், எவ்வளவு நிதி, எப்போது தொடக்கம் என்பதை அமைச்சகம் அவையில் தெரிவிக்க வேண்டும்.