இரண்டாம் பந்தி

சென்ற ஆனிச் சாரலில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த நண்பர் ஒருவர், வடகரைக்கும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல சினிமா ரஸிகர். பேச்சுவாக்கில் எஸ். வி. சுப்பையாவின் பெயரை எடுத்தேன். "குணசித்திர நடிகர்தானே?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

குணசித்திரம் என்றால் என்ன ஐயா? ஒரு மனிதனின் குணத்தைச் சித்திரமாகத் தீட்டிக் காட்டுவது. நடிகனுடைய தொழிலே அதுதானே? 'சமைக்கத் தெரிந்த சமையற்காரர்' என்று ஒருவருக்கு மட்டும் பட்டம் கட்டினால் மற்றச் சமையற்காரர்களைப் பற்றி என்ன அர்த்தம்? அப்படிப் பட்டம் கட்டிவிட்டு, இலை போடுவது மட்டும் இரண்டாம் பந்தியில்!

சுப்பையா எங்கள் பக்கத்துக்காரர். இங்கிருந்து சில மைலில் உள்ள செங்கோட்டை. பிள்ளைப் பிராயத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். சக்தி நாடக சபாவின் 'கவியின் கனவி'ல் நடித்து, மேடையில் பழுத்துச் சினிமாவுக்குப் போனவர்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கோயில் கொடைக்குத் திரை கட்டிக் 'கப்பலோட்டிய தமிழன்' போட்டார்கள். 1961-ல் வந்த படம். சிவாஜி, சிதம்பரம் பிள்ளை, சுப்பையா, பாரதி. திரையில் பாரதி வந்ததும் என் பக்கத்தில் இருந்த கிழவர், வாயிலிருந்த பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். சுப்பையாவுக்காக அணைக்கவில்லை, பாரதிக்காக. பாரதி குடியிருந்த கடையம் எங்களுக்குத் தூரமில்லை. பாரதியின் புகைப்படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் பாட்டைப் படிக்கும்போது மனசில் வருவது சுப்பையாவின் கண்கள்தான். தன்னை அவ்வளவு தூரம் அழித்துக்கொண்ட மனிதருக்கு நாம் கொடுத்த கூலி, பெயரை மறந்தது.

"ஜனங்கள் கதாநாயகனுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. சரி, கணக்கையே பார்ப்போம். சிவாஜியைவிடப் பெரிய கதாநாயகன் உண்டா? அந்தப் படம் வெளிவந்தபோது பணம் வரவில்லை. 1973-ல் பாலசந்தரின் 'அரங்கேற்ற'த்தில் நட்சத்திரக் கதாநாயகன் யாருமில்லை. வீடு நிறையக் குழந்தைகளோடு வறுமையில் உழலும் வைதிகத் தகப்பனாகச் சுப்பையா வந்தார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பற்றிப் பேசிற்று.

முதலாளியானபோதாவது நாயகனாகியிருக்கலாமே என்றால், அதுவும் இல்லை. 1969-ல் ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையைக் 'காவல் தெய்வம்' என்று படமெடுத்தார். தானே மரத்தைச் சுற்றி ஓடவில்லை; கைதியிடம் இரக்கம் காட்டும் சிறை அதிகாரியாக நடித்தார். சொந்தப் பணத்தைப் போட்டுப் படமெடுக்கிறவர்கள் பொதுவாக இந்தத் தப்பைச் செய்வதில்லை!

நாவல் எழுதுகிற எனக்கு இது சொந்த விஷயமும்கூட. கதாநாயகன் எப்படியோ பிழைத்துக்கொள்வான். அவனுடைய தகப்பனும் பக்கத்து வீட்டுக்காரனும் பொய்யாகிவிட்டால் முந்நூறு பக்கமும் குப்பை.

சுப்பையா 1980-ல் காலமானார். இவ்வளவையும் நண்பருக்குக் கடிதமாகவே எழுதிப் போட்டேன். பதில் வந்திருக்கிறது: "கோபம் வேண்டாம், உங்கள் சுப்பையா நல்ல நடிகர்தான்." இந்தத் தடவை 'குணசித்திர'த்தை விட்டுவிட்டார்.